அம்மாதான் எழுதினாங்களாம்

1

நேற்று ஆசிரியர் தினம். இங்கே அப்படி ஒரு நாள் இருப்பது யாருக்கும் தெரியாது. நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஓட்ஸ் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தேன். ஏப்ரன் பைக்குள் போன் விடாமல் நடுங்கியது. "ஹேப்பி டீச்சர்ஸ் டே மிஸ்." ரோஜாப்பூ, விளக்கு, கைகூப்பிய பொம்மை. எல்லாம் விருத்தாசலத்தில் என்னிடம் படித்த பிள்ளைகள்.

ஜங்ஷன் ரோட்டில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் நான் இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன். மும்தாஜ் மிஸ் வீடு எங்கே என்று பாலக்கரை ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டால் கொண்டு வந்து வாசலில் இறக்கிவிடுவார்கள். இங்கே என் சட்டையில் குத்தியிருக்கிற பேட்ஜில் 'மும்' மட்டும் இருக்கிறது. முழுப் பெயர் வாயில் நுழையவில்லையாம். கனடாவுக்கு வந்தால் பெயருக்குக்கூடப் பாதி டிக்கெட்தான்.

போன வருஷம் இதே மாதத்தில்தான் நான் மறுபடி பள்ளிக்கூடம் போனேன், பன்னிரண்டாம் வகுப்பு இங்கிலீஷ் படிக்க. எம்.ஏ. இங்கிலீஷ் முடித்து, பி.எட். முடித்து, ஊரில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தவள் நான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், நானும் முதலில் சிரித்தேன்.

2

நர்சிங் படிக்கலாம் என்று பக்கத்தில் ஒரு கல்லூரிக்குப் போனேன். கஞ்சி கிண்டியே காலம் தள்ள எனக்கு விருப்பமில்லை. கவுண்டரில் இருந்த பெண் என் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பட்டம் செல்லும், இங்கிலீஷ்தான் செல்லாது என்றாள். இந்த நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு இங்கிலீஷில் நல்ல மார்க் வேண்டுமாம்.

"பட்டமே இங்கிலீஷில்தான் வாங்கினேன்" என்றேன்.

"எந்த மொழியில் சொல்லிக்கொடுத்தார்கள்?" என்று கேட்டாள். இதற்கு என்ன பதில் சொல்வது? பாதி இங்கிலீஷ், பாதி தமிழ், மீதிப் பிரம்பு என்றா சொல்ல முடியும்?

என் வீட்டுக்காரர் பஷீர் சவூதியில், தம்மாமில் பல வருஷம் இருந்துவிட்டு எங்களை இங்கே கூட்டி வந்தவர். இப்போது ஒரு கிடங்கில் ஷிப்டு வேலை. விஷயத்தைச் சொன்னதும், "உனக்கு இது அல்வா சாப்புடுற மாதிரிதான? சும்மா போயிட்டு வா" என்றார்.

எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். இங்கே நம் ஆட்கள் பிள்ளைகளுக்குக் கணக்குக்கு டியூஷன் வைப்பார்கள், பிசிக்ஸுக்கு வைப்பார்கள். இங்கிலீஷுக்கு வைத்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் எடுக்கிற பாடம், அதனால் யாரும் மதிக்காத பாடம். கடைசியில் பல்கலைக்கழகத்துக்கு மார்க்கைக் கூட்டும்போது பிள்ளைகளைக் குப்புறத் தள்ளுவதும் அதே பாடம்தான். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நானும் போய் உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை வகுப்பு. வாத்தியார் ஆடம் சின்னப் பையன், என் முதல் பேட்ச் பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். பெயர் சொல்லியே கூப்பிடலாம் என்றான். எனக்கு நாக்கு வரவில்லை. 'ஆடம் சார்' என்று ஒரு சமரசத்துக்கு வந்தேன்.

முதல் கட்டுரை, பள்ளியில் செல்போன் வேண்டுமா வேண்டாமா என்பது. இரண்டு பக்கமும் என்னென்ன சொல்லப்படுகிறது என்று இலக்கணச் சுத்தமாக எழுதிக் கொடுத்தேன். பாஸ் மார்க்கைத் தொட்டும் தொடாமலும் வந்தது. கீழே ஆடம் எழுதியிருந்தான்: "வாக்கியங்கள் அழகாக இருக்கின்றன. இதில் நீங்கள் எங்கே?"

நான் எங்கேயா? மூன்றாவது வரிசையில், ஜன்னல் ஓரமாக. படித்த காலத்திலும் சரி, பாடம் எடுத்த காலத்திலும் சரி, நீ என்ன நினைக்கிறாய் என்று என்னை எந்தக் கேள்வித்தாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் கைடில் ஒரு விடை இருந்திருக்கும்.

அடுத்த வாரம் கையைத் தூக்கி, "சார், ஐ ஹேவ் எ டவுட்" என்றேன்.

ஆடம் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "ரொம்ப நல்லது. எதை உங்களால் நம்ப முடியவில்லை?" என்று ஆர்வமாகக் கேட்டான்.

மார்ஜின் எவ்வளவு விட வேண்டும் என்பதுதான் என் டவுட். சொன்னதும் வகுப்பே சிரித்தது. ஊரில் ஒவ்வொரு பாடம் முடிந்ததும் "எனி டவுட்?" என்று கேட்பேன். "நோ டவுட், மிஸ்" என்று கூரை அதிரும். அதைக் கேட்டுப் பெருமையோடு வீட்டுக்குப் போவேன்.

வீட்டில் என் மகள் ரிஸ்வானாவிடம் சொன்னேன். அவள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பு முடித்த கையோடு இங்கே வந்தவள். தமிழ் பேசுவாள், அளந்து பேசுவாள். "ம்மா, டவுட்னு சொல்லாதீங்க. க்வெஸ்டின்னு சொல்லுங்க. டவுட்னா நம்பலன்னு அர்த்தம்" என்றாள். கண் போனில் இருந்தது.

3

பிறகு ஒரு சனிக்கிழமை, வகுப்பிலேயே உட்கார்ந்து எழுத வேண்டிய கட்டுரை. தலைப்பு, உங்களை உருவாக்கிய ஊர். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன்.

ஏனென்றால் என் வாழ்க்கையில் நானே சொந்தமாக எழுதிய ஒரே கட்டுரை எங்கள் ஊரைப் பற்றியதுதான். பரீட்சைக்கு 'உங்கள் ஊர்' என்று வரும். கைடில் இருந்த கட்டுரை கடற்கரையும் கலங்கரை விளக்கமும் உள்ள ஊரைப் பற்றியது. கடலையே பார்க்காத பிள்ளைகள் அதை உருப்போட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைடை மூடச் சொல்லிவிட்டு நானே ஒன்று எழுதினேன்.

'எங்கள் ஊர் ஊருக்கெல்லாம் பீங்கான் கோப்பை செய்து அனுப்புகிறது, எங்கள் ஊர் டீக்கடையில் மட்டும் கண்ணாடி டம்ளர்' என்று தொடங்கும். பிறகு செராமிக் கம்பெனிகள், காயப்போட்ட களிமண் பொம்மைகள், வீட்டுக்கு வீடு மாட்டுகிற ஃபியூஸ் கட்டைகள். சூளை எரியும்போது எதிர் வீட்டுச் சுவர்கூடச் சுடும் என்று ஒரு வரி வரும். சூளைக்கு இங்கிலீஷில் கில்ன். அதில் கடைசி எழுத்து சைலன்ட் என்று என் பேராசிரியர் சொல்லிக்கொடுத்திருந்தார். எந்த எழுத்து சைலன்ட் என்று தெரிந்துவைத்திருப்பதுதானே நம் ஊரில் இங்கிலீஷ் புலமை? நானும் 'கில்' என்றுதான் சொல்லுவேன்.

வருஷா வருஷம் அதை டிக்டேஷன் போட்டேன். பிள்ளைகள் உருப்போட்டார்கள், எழுதினார்கள், பாஸ் ஆனார்கள். அதே கட்டுரையைத்தான் அந்தச் சனிக்கிழமை மனதிலிருந்து எழுதிக் கொடுத்தேன். ஒரு கமா பிசகவில்லை. வெளியே வரும்போது, இந்தப் பாடத்தின் கழுத்தைப் பிடித்துவிட்டேன் என்று இருந்தது.

மறுவாரம் பள்ளித் துணை முதல்வர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. கட்டுரை திருட்டு என்று கம்ப்யூட்டர் சொல்கிறதாம். இணையத்தில் ஏதோ மாதிரிக் கட்டுரைப் பக்கத்தில் அப்படியே இருக்கிறதாம். திருட்டு உறுதியானால் பாடத்தில் பூஜ்யம். நர்சிங் அதோடு போச்சு. சந்திப்புக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்றும் கேட்டிருந்தார்கள்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரே சட்டம்தான். பார்த்து எழுதினால் காப்பி, பார்க்காமல் எழுதினால் படிப்பு. நான் எதையும் பார்க்கவில்லை. என்னை எப்படிக் காப்பி என்று சொல்லலாம்?

4

பஷீருக்கு லீவு கிடைக்கவில்லை. "நான் வரேன் ம்மா. நீங்க கோபப்பட்டா இங்கிலீஷ் வராது" என்றாள் ரிஸ்வானா. அது உண்மை. கோபம் வந்தால் என் இங்கிலீஷ் பஸ் ஏறி ஊருக்குப் போய்விடும்.

துணை முதல்வர் நடுத்தர வயதுப் பெண். மிகவும் அன்பாகப் பேசினார். இந்த நாட்டில் கழுத்தை அறுக்கிறவர்கள் எல்லோரும் அன்பாகத்தான் பேசுவார்கள். மேஜையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று என்னுடையது, இன்னொன்று இணையத்தில் இருந்தது. என் பத்திகள் முழுக்கச் சிவப்புக் கோடு.

இணையக் கட்டுரையில் ஒரே ஒரு வித்தியாசம். சூளை வர வேண்டிய இடத்தில் கொலை என்று இருந்தது. கில்ன் என்பதைக் கில் என்று, கொல்லுகிற கில்லாக எழுதியிருந்தார்கள். 'எங்கள் ஊர்க் கொலை எரியும்போது எதிர் வீட்டுச் சுவர்கூடச் சுடும்.' எனக்குச் சிரிப்பு வந்தது. அது என் குரல். என் வாயிலிருந்து யாரோ ஒரு பிள்ளை காதில் வாங்கி எழுதியது.

துணை முதல்வர் அதை வேறு மாதிரி வாசித்தார். "மூலத்தில் இருந்த பிழையை நீங்கள் திருத்தியிருக்கிறீர்கள்" என்றார்.

"அதை எழுதினதே நான்தான்" என்று தமிழில் கத்திவிட்டேன். அவர் என் மகளைப் பார்த்தார். ரிஸ்வானா இங்கிலீஷில் சொன்னாள்: ஷி ஸேஸ் ஷி ரோட் இட்.

அந்த 'ஸேஸ்' என் காதில் தமிழாகத்தான் விழுந்தது. அம்மாதான் எழுதினாங்களாம்.

'ஆம்' என்ற இந்த வால் நம் மொழியில் எவ்வளவு வேலை செய்கிறது! மழை வந்தது என்றால் நான் நனைந்தேன். மழை வந்ததாம் என்றால் யாரோ சொன்னார்கள், எனக்குப் பொறுப்பில்லை. பக்கத்து வீட்டுச் சண்டைக்குப் போடுவோம், அரசியல்வாதி வாக்குறுதிக்குப் போடுவோம். பெற்ற தாய்க்குப் போட்டு நான் கேட்டதில்லை.

ஒரு வாரம் டைம் கொடுத்தார்கள், ஆதாரம் இருந்தால் கொண்டு வரச் சொல்லி. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கேட்டேன். "உனக்கும் டவுட்டா?"

"நீங்க எழுதி நான் பாத்ததில்லையே ம்மா" என்றாள்.

அதில் பொய் இல்லை. அவள் பார்த்த அம்மா, டாக்டரிடம் அவளைப் பேசச் சொல்லுகிற அம்மா. பள்ளியிலிருந்து மெயில் வந்தால் "என்னா போட்டிருக்குது, படி" என்கிற அம்மா. அந்த மாதிரி அம்மாவுக்கு இப்படி ஒரு கட்டுரை எங்கிருந்து வரும்? நியாயமான கேள்விதான். நியாயமாக இருந்ததால்தான் அப்படி வலித்தது.

5

பழைய பிள்ளைகள் வைத்திருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். 'அவர் டவுன்', அதான் நம்ம ஊர்க் கட்டுரை, யாருக்காவது ஞாபகம் இருக்குதா?

சமையலறையில் மதிய இடைவேளைக்கு உட்கார்ந்து போனைத் திறந்தால், குரல் பதிவாக வந்து குவிந்திருக்கிறது. ஒருத்தன் திட்டக்குடி பஸ்ஸிலிருந்து, ஒருத்தி துபாயில் ஏதோ கடையிலிருந்து. ஒருத்தியின் பின்னால் விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் அறிவிப்பு ஓடுகிறது. எல்லோரும் அதே கட்டுரையை, அதே ராகத்தில், நான் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டுச் சொல்கிறார்கள். "மிஸ், கரெக்டா மிஸ்?" என்று முடிக்கிறார்கள். உருளைக்கிழங்கு உரித்த கையோடு உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடிந்ததும் ஆத்திரம் வந்தது. இத்தனை வருஷத்தில் ஒருத்தியாவது ஒரு வார்த்தையை மாற்றியிருக்கக் கூடாதா? எங்க தெருவில் டீக்கடையே இல்லை மிஸ் என்று ஒருத்தனாவது எழுந்து சொல்லியிருக்கக் கூடாதா? கடற்கரைக் கட்டுரையைப் பிடுங்கிவிட்டு என்னுடையதைக் கொடுத்தேன். அவர்களுக்கு அதுவும் ஒரு கைடுதான்.

அன்று மாலையே செல்வி கூப்பிட்டாள். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படித்த பெண். இப்போது டியூஷன் எடுக்கிறாள்.

"மிஸ், நெட்ல போட்டது நான்தான் மிஸ். டியூஷன் புள்ளைங்களுக்காவ போட்டேன்."

"பேரு போடலியே, செல்வி."

"நீங்கதான் போயிட்டீங்களே மிஸ். இனிமே உங்களுக்கு அது எதுக்குன்னு நெனைச்சிட்டேன்."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஊரை விட்டுப் போனவளின் பொருள் ஊர்ப் பொருள். இது நம் வழக்கம்தான். என் மாமரத்துக் காயையும் இப்போது யாரோதான் பறிக்கிறார்கள்.

இரண்டாவது சந்திப்புக்கு ஆடமும் வந்திருந்தான். நான் போனை மேஜையில் வைத்து ஒவ்வொன்றாகப் போட்டேன். துணை முதல்வர் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார். பிறகு மரியாதையாக, "இது என்ன மொழி?" என்றார்.

"இங்கிலீஷ்" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. எனக்கு என்ன ஆனது என்று கேட்காதீர்கள். அந்தப் பிள்ளைகளின் உச்சரிப்பு என் உச்சரிப்பு. என் வாழ்நாள் உழைப்பைக் கேட்டுவிட்டு எந்த மொழி என்கிறார் அந்த அம்மாள். ரிஸ்வானாவைக் கொஞ்சம் விளக்கச் சொன்னார்கள். அவள் ஒரு வரி கேட்பதும் அதையே தன் கனடாக் குரலில் திருப்பிச் சொல்வதுமாக இருந்தாள். இங்கிலீஷிலிருந்து இங்கிலீஷுக்கு மொழிபெயர்ப்பு. என் கட்டுரையை என் மகள் வாயால் நான் கேட்டது அன்றுதான்.

சூளை வரி வந்ததும் தடுமாறினாள். "கில்? கொலையா ம்மா?"

ஆடம் சட்டென்று நிமிர்ந்தான். காகிதத்தை இழுத்துப் பார்த்தான். "இது கண்ணால் வந்த பிழை இல்லை, காதால் வந்தது. யாரோ இவர் சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறார்கள்" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் டீச்சரா?" என்று கேட்டான். இரண்டு மாதமாக அவன் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். அதுவரை யாரும் கேட்கவில்லை.

திருட்டு இல்லை என்று முடிவானது. ஆனால் பாருங்கள், அதோடு விடவில்லை. சொந்தமாகவே எழுதியது என்றாலும் பழையதைத் திரும்பக் கொடுக்கக் கூடாதாம். அதுவும் குற்றம்தானாம். வீட்டுக்காரியே ஆனாலும் ஜன்னல் வழியாக நுழையக் கூடாது. புதிதாக ஒன்று எழுதச் சொன்னார்கள்.

6

எழுதினேன். இந்தத் தடவை ஊரைப் பற்றி இல்லை, 'ஆம்' பற்றி. என் மொழியில் ஒரு வால் உண்டு, அதை ஒட்டினால் சொல்கிறவர் கை கழுவிக்கொள்ளலாம், உங்கள் மொழியில் அதற்கு ஒரு முழு வாக்கியம் வேண்டும் என்று தொடங்கினேன். அலுவலகத்தில் என் மகள் சொன்ன சொல்லை அப்படியே வைத்தேன். பஸ் ஸ்டாப்பில் சொன்னதையும் வைத்தேன். மனப்பாடம் செய்த ஒரு வரிகூட இல்லாததால் இலக்கணம் அங்கங்கே நொண்டியது.

அதற்குத்தான் வகுப்பிலேயே அதிக மார்க். "இப்போது நீங்கள் இருக்கிறீர்கள்" என்று ஆடம் கீழே எழுதியிருந்தான். சுத்தமாக எழுதியபோது நான் இல்லை, வீட்டுக் காயத்தைப் பிய்த்துக் காட்டியதும் வந்துவிட்டேன். இந்தப் பாடத்தில் ஜெயிக்கிற வித்தை இவ்வளவுதான். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது, எல்லோரும் சொல்வது போல.

பாடம் முடிந்து மார்க் வந்தது. வகுப்பில் நான்தான் முதல். கல்லூரியிலும் இடம் கிடைத்துவிட்டது, ஜனவரியில் தொடக்கம். ரிஸ்வானா இந்த வருஷம் அதே பாடம் எடுக்கிறாள். "அது ஈஸி ம்மா" என்கிறாள். என் கட்டுரையைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். படித்தாள். திரும்ப அதே இடத்தில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

நேற்று ராத்திரி, ஊரில் விடிந்த நேரத்துக்கு, அங்கிருந்து அக்கா கூப்பிட்டாள், டீச்சர்ஸ் டேவுக்காக. எனக்குக் கையில் மாவு. ரிஸ்வானா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். நான் மார்க் விஷயத்தை அக்காவிடம் சொல்லியிருக்கவில்லை. எம்.ஏ. படித்தவள் பன்னிரண்டாம் வகுப்பு பாஸ் ஆனேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? ரிஸ்வானாதான் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"பெரிம்மா, அம்மா இங்கிலீஷ் கோர்ஸ்ல ஃபர்ஸ்ட் மார்க் வாங்கினாங்களாம்."

மாவு பிசைகிற என் கை நின்றுவிட்டது. அந்த மார்க் வந்த மெயிலைத் திறந்து எனக்கு வாசித்துக் காட்டியதே அவள்தான்.

"என்னாடி, வாங்கினாங்களாமா?" என்று அக்கா அங்கிருந்து சிரித்தாள். அவளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. "நீ எந்த வூட்டுல இருக்குற? ஒங்கம்மா வூட்டுலயா, பக்கத்து வூட்டுலயா? வாங்கினாங்கன்னு சொல்லுடி."

ரிஸ்வானா என் பக்கம் திரும்பவில்லை.

"வாங்கினாங்க" என்றாள், தெளிவாக, ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல்.

டிக்டேஷனில் என் மகள் தப்பே விட மாட்டாள்.